காலமும் கடனும்: ‘டோரேமான்’ தொடரில் காலப்பயணம்

முன்னுரை

தமிழில் ‘கடன்’ என்னும் சொல் இருபொருள் பயப்பது. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். ஒருவர் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் ஆகியோர்க்கு உரிய கடன்களை வரிசைப்படுத்தும் புறநானூற்று 312ஆம் பாடல் இரண்டாவது பொருளிலேயே அச்சொல்லை ஆள்கிறது. இன்றைய வழக்கில் முதலாவது பொருளே மேலோங்கியுள்ளது. பணம் என்னும் பொருளில் தொடங்கிய கடன் கடமை என்னும் பொருளை எவ்வாறு சென்றடைகிறது என்னும் வினாவை முன்வைத்து, ‘டோரேமான்’ என்னும் ஜப்பானியச் சிறுவர் அசைவூட்டத் தொடரை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுவர்க்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்று ஆய்வுப் பொருளாகுமா என்னும் ஐயம் எழலாம். இந்தியாவில் இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் மொழிமாற்றம் பெற்று இத்தொடர் குழந்தைகளிடம் பரவியுள்ளது. அண்டை நாடுகளில் இது அரசியல் விவாதமாகவும் ஆயிற்று. குழந்தைகள் தாய்மொழியை விட்டு இந்தியைப் பழகுகின்றனர் என்னும் கவலையால், இந்தியில் வந்த இத்தொடரின் ஒளிபரப்பை வங்கதேச அரசு 2013இல் நிறுத்தியது. ஜப்பானின் வெளியுறவு அமைச்சகமோ 2008இல் டோரேமானைத் தன் அசைவூட்டக் கலையின் தூதராக அறிவித்தது. இவ்வாறு தடைக்கும் தூதுக்கும் உரியதாக ஆன ஒரு கதை, ஒரு பனுவலாக வாசிக்கப்படுவது மட்டும் அரிதாகவே உள்ளது. “சோம்பேறிச் சிறுவனுக்குக் கருவிகள் வழங்கும் பூனை” என்னும் ஒருவரிச் சுருக்கத்தோடு பெற்றோரும் ஆசிரியரும் நின்றுவிடுகின்றனர். அச்சுருக்கம் தவறன்று, ஆயினும் அது தொடரின் வாயிலை மட்டுமே கண்டு திரும்புவதாகும்.

தொடரின் தோற்றம்

ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்னும் புனைபெயரால் அறியப்படும் ஃபுஜிமோட்டோ ஹிரோஷி (1933–1996) படைத்த இக்கதை, ஷோககுகான் பதிப்பகத்தின் சிறுவர் இதழ்கள் ஆறில் 1970 ஜனவரி இதழ் முதல் சித்திரக்கதையாக வெளிவந்தது. 1973இல் நிப்பான் தொலைக்காட்சியில் ஆறு மாத அளவில் முதல் அசைவூட்ட வடிவம் ஒளிபரப்பாயிற்று. இன்று உலகறிந்த வடிவம் 1979 ஏப்ரல் 2 அன்று அசாஹி தொலைக்காட்சி தொடங்கியதாகும். 2005இல் குரற்கலைஞர்களும் ஓவியப் பாங்கும் புதுப்பிக்கப்பட்டுத் தொடர் மேலும் நடைபெற்றது. இக்கட்டுரையில் எடுத்துக்கொள்ளப்படும் கதைகள் முதலில் சித்திரக்கதையாக எழுதப்பட்டுப் பின்னர்த் திரையில் உருப்பெற்றவை.

கதையின் அடிப்படை எளியது. நோபிடா என்னும் பள்ளிச் சிறுவன் படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கியவன். ஜியான், சுனியோ என்னும் தோழர்களால் அலைக்கழிக்கப்படுபவன். 22ஆம் நூற்றாண்டிலிருந்து அவனுடைய கொள்ளுப்பேரனின் மகனாகிய செவாஷி, டோரேமான் என்னும் இயந்திரப் பூனையை அவனிடம் அனுப்புகிறான். காலப்பொறி நோபிடாவின் படிப்பு மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. காலப்பயணக் கதைகளில் வழக்கமாக இடம்பெறும் ஆய்வுக்கூடமோ அறிவியலறிஞரோ இங்கு இல்லை. பாடம் படிக்கவேண்டிய மேசையே காலத்தின் வாயிலாகிறது.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. திணை மயக்கத்தை விளக்கும் உரையாசிரியர்கள் பொழுது மயங்கலாம், நிலம் மயங்காது என்று கொள்வர். அகப்பாடலுக்குரிய இவ்விதியை இத்தொடரின் மீது ஏற்றிப் பார்க்க வேண்டியதில்லை. எனினும் ஓர் ஒப்புமை கருதத்தக்கது. நீள்திரைப்படங்களில் நோபிடா தொலைநிலங்களுக்குச் செல்வதுண்டு. மனத்தில் தங்கும் குறுங்கதைகளிலோ பெரும்பாலும் நிலம் மாறுவதில்லை. அதே வீடு, அதே தெரு, சிமெண்டுக் குழாய்கள் அடுக்கிய அதே வெற்றுமனை. பொழுது மட்டும் மாறுகிறது. மாறாத நிலத்தில் மாறிய பொழுதைக் காணும்போதுதான் இழப்பு புலனாகிறது.

ஐம்பது யென்

முதற்கதை புத்தாண்டு நாளில் நிகழ்கிறது. செவாஷி வந்த காரணம் அன்பன்று; பணம். நோபிடா தொடங்கவிருக்கும் நிறுவனம் நொடித்து, அதனால் விளைந்த கடன் நூறாண்டுகள் கடந்தும் தீரவில்லை. புத்தாண்டில் பெரியோர் சிறுவர்க்குப் பணம் அளிப்பது ஜப்பானிய வழக்கம். செவாஷிக்குக் கிடைத்ததோ வெறும் ஐம்பது யென். மூதாதையின் தவற்றால் பேரர் வறுமையுறும் செய்தி, ஒரு சிறுவனின் கைக்காசு அளவுக்குச் சுருக்கிச் சொல்லப்படுகிறது. சிறுவர் இலக்கியம் பெரும்பொருளைக் கையாளும் முறைக்கு இது நல்ல சான்று.

எதிர்காலம் நோபிடாவுக்கு ஒரு நிழற்படத் தொகுப்பாகக் காட்டப்படுகிறது. வேலை கிடைக்காமல் 1988இல் சொந்த நிறுவனம் தொடங்குதல், 1993இல் அது தீப்பற்றி எரிதல், 1995இல் கடன்காரர் சூழ்தல் ஆகியன அதில் உள்ளன. நிழற்படம் இயல்பாகவே இறந்தகாலத்திற்கு உரியது. நடந்து முடிந்ததை மட்டுமே அது காட்டவல்லது. நடக்கப்போவதை நிழற்படமாகக் காட்டுவது, நன்னூலார் கூறும் காலவழுவமைதியை நினைவூட்டுகிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை பற்றி ஒரு காலம் மற்றொரு காலமாகச் சொல்லப்படலாம் என்பது அவர் கருத்து. இங்கு அமைந்திருப்பது தெளிவு பற்றிய மயக்கம். வரப்போவது உறுதி என்பதால் வந்துவிட்டதாகவே கூறப்படுகிறது. பத்து வயதுச் சிறுவனிடம் “நீ தோற்றுவிட்டாய்” என்று அவன் தோற்பதற்கு முன்னரே கூறும் கொடுமை அந்நிழற்படங்களில் உள்ளது. தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு குழந்தையின் வாழ்வை முடிவுசெய்யும் எச்சமுதாயத்திற்கும் இக்கொடுமை அயலானதன்று.

இக்கதை 1970இல் வாசித்தவர்க்கு 1995 தொலைவான எதிர்காலம். இன்று காண்பவர்க்கு அது இறந்தகாலம். ஜப்பான் பொருளாதாரத்தில் விரைந்து உயர்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒசாகாவில் உலகக் கண்காட்சி நடந்த அதே 1970இல், கடனையும் நொடிப்பையும் எதிர்காலமாகக் காட்டித் தொடங்கிய கதை இது என்பது குறிப்பிடத்தக்கது.

வழியும் ஊரும்

நோபிடா இந்நிலையில் ஒரு நுட்பமான வினாவை எழுப்புகிறான். நிழற்படத் தொகுப்பின்படி அவன் மணக்கவிருப்பவள் ஜியானின் தங்கை ஜைகோ. விதியை மாற்றி ஷிஸுகாவை மணந்தால் செவாஷி பிறப்பது எங்ஙனம்? செவாஷியின் விடை எளியது. டோக்கியோவிலிருந்து ஒசாகா செல்லப் பல ஊர்திகள் உண்டு. திசை சரியாக இருப்பின் எதில் ஏறினும் ஒசாகாவை அடையலாம் என்கிறான்.

அறிவியல் நோக்கில் இவ்விடை நிறைவளிக்காது. மரபணுவியலுக்கும் தருக்கத்திற்கும் இது பொருந்தாது என எவரும் சுட்டலாம். ஆயினும் தொடர் முழுமைக்குமான நெறி இவ்வுவமையில் அடங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஊர் மாறுவதில்லை, வழி மாறுகிறது. முதற்கதையிலேயே இதற்கு முன்னறிவிப்பு உண்டு. நோபிடா இன்னும் அரைமணி நேரத்தில் தூக்கில் தொங்குவான் என்று டோரேமான் அச்சுறுத்துகிறது. சிறிது நேரத்தில் அவன் மரக்கிளையில் ஆடை சிக்கித் தொங்குகிறான். சொல் பலித்தது, ஆனால் அச்சம் நகையாக மாறியது. நிகழவேண்டியது நிகழும், எவ்வாறு நிகழும் என்பதில் மட்டுமே மனிதர்க்கு இடமுண்டு.

1981ஆம் ஆண்டுக் கதையாகிய ‘நோபிடாவின் திருமணத்திற்கு முந்தைய இரவு’ இதனை உறுதிப்படுத்துகிறது. வளர்ந்த நோபிடா அறிவாளியாகவோ வீரனாகவோ மாறிவிடவில்லை. திருமணத்திற்கு முந்தைய இரவில் தயங்கிநிற்கும் ஷிஸுகாவிடம் அவள் தந்தை, பிறர் இன்பத்தை விரும்பவும் பிறர் துன்பத்திற்கு வருந்தவும் அறிந்தவனை நீ தேர்ந்தாய் என்னும் பொருள்படப் பேசுகிறார். டோரேமானின் கருவிகளால் மதிப்பெண் உயரவில்லை. பிறர்க்காக வருந்தும் இயல்போ கருவியால் வந்ததன்று. நோபிடாவின் வாழ்க்கையில் வழி மாறியது இவ்வியல்பினாலேயே எனலாம்.

தன்னிடமே வாங்கிய கடன்

காலத்தைக் கடனாகக் காணும் பார்வை நகைச்சுவைக் கதைகளிலும் உண்டு. ஒரு கதையில் நோபிடாவின் வீட்டுப்பாடச் சுமையை ஏற்கும் டோரேமான், இரண்டு, நான்கு, ஆறு, எட்டு மணி நேரத்திற்குப் பிந்தைய தன்னையே அழைத்துவந்து வேலையைப் பகிர்கிறது. வந்தவை யாவும் உறக்கமிழந்து சினந்து, தம்முள் பூசலிடுகின்றன. வேலை முடிந்ததும் டோரேமானுக்கு ஓய்வில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அதனைத் தேடி ‘முந்தைய’ டோரேமான் வருகிறது. பின்னர் மீண்டும், மீண்டும். எதிர்காலத்திடம் வாங்கிய உழைப்பைக் காலம் விடாது திரும்பப் பெறுகிறது. வட்டிக்கு வாங்கியவர் படும் பாட்டை இதனினும் எளிமையாகக் குழந்தைக்கு விளக்குதல் அரிது.

1980இல் வெளிவந்த முதல் நீள்திரைப்படமாகிய ‘நோபிடாவின் டைனோசர்’ இதே கருத்தை நகையிலிருந்து அன்பிற்கு நகர்த்துகிறது. நோபிடா தான் கண்டெடுத்த புதைபடிவ முட்டையைக் காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் துணியால் சுற்றிப் பொரிக்கவைக்கிறான். பிறந்த நீர்வாழ் ஊர்வனக் குஞ்சுக்குப் பீசுகே எனப் பெயரிட்டு வளர்க்கிறான். அது வளர்ந்தபின் அதற்குரிய காலத்தில், அதற்குரிய கடலில் விட்டுவர வேண்டியவனாகிறான். வழியில் உயிர்களைக் கடத்தும் வேட்டைக்காரர் பெரும்பொருள் தருவதாக ஆசை காட்டுகின்றனர். அவன் மறுக்கிறான். காலத்திடமிருந்து எடுத்ததைக் காலத்திடமே திருப்பிச் சேர்ப்பது இங்குக் கடன் என்னும் சொல்லின் இரு பொருள்களையும் ஒருங்கே தாங்கிநிற்கிறது: அது பெற்றதைத் தருதல், செய்யவேண்டியதைச் செய்தலும் ஆகும்.

பாட்டியைக் காணச் செல்லுதல்

தொடரின் தொடக்க ஆண்டாகிய 1970இலேயே எழுதப்பட்டு, 2000இல் வாதனாபே அயுமு இயக்கத்தில் குறும்படமாகவும் வந்த ‘பாட்டியின் நினைவுகள்’ இவ்வகைக் கதைகளுள் தலையாயது. நோபிடா மழலையர் பள்ளியில் படித்தபோது மறைந்தவர் அவனுடைய பாட்டி. அவர் ஒட்டுப்போட்டுத் தைத்த பழைய கரடிப் பொம்மை ஒன்று அகப்பட, அவரைக் காணவேண்டும் என அவன் ஏங்குகிறான். டோரேமான் முதலில் மறுக்கிறது. திடீரென வளர்ந்த பேரனைக் கண்டால் பாட்டி அதிர்ச்சியுறுவார் என்பது அதன் அச்சம். மறைந்திருந்து பார்ப்பது மட்டும் என்னும் உடன்பாட்டோடு இருவரும் செல்கின்றனர்.

மறைந்திருத்தல் இயலவில்லை. பாட்டியின் முன் வந்துநிற்கும் அயற்சிறுவனிடம், தன் பேரன் பள்ளிப்பை சுமந்து செல்லும் காட்சியைக் காண ஆசையாயிருக்கிறது என்று அவர் தம் விருப்பத்தைச் சொல்கிறார். நோபிடா நிகழ்காலத்திற்கு ஓடிவந்து பள்ளிப்பையை எடுத்துச் சென்று, தானே நோபிடா என்கிறான். பாட்டி ஐயுறவில்லை, அவ்வாறே தமக்கும் தோன்றிற்று என்கிறார்.

காலப்பயணக் கதைகளில் பயணி தன்னை மெய்ப்பிக்கச் சான்று காட்டவேண்டியிருப்பது பொதுவிதி. இங்குச் சான்று வேண்டப்படவில்லை, அன்பே அறிவாகிறது. மேலும், இப்பயணத்தால் எதுவும் மாறவில்லை. பாட்டியின் இறப்பு தள்ளிப்போகவில்லை. 22ஆம் நூற்றாண்டின் கருவிகள் அனைத்தும் பையில் இருந்தும், அவரைப் பிழைக்கவைக்கும் முயற்சியைக் கதை எண்ணிப் பார்க்கவும் இல்லை. இதனைக் கதையின் குறையாகக் கருதுவாருளர். நான் இதனையே அதன் வலிமையாகக் கருதுகிறேன். பிழைக்கவைக்க முயன்றிருந்தால் அது மருத்துவக் கருவியின் கதையாக முடிந்திருக்கும். முயலாமையால் அது இறந்தார்க்கு இருப்போர் ஆற்றும் கடன் பற்றிய கதையாயிற்று. மறைந்தவர் தந்ததை அவரிடமே திருப்பித் தர இயலாது. அவர் காண விரும்பிய ஒருவனாய் அவர்முன் ஒருகணம் நிற்க மட்டுமே இயலும்.

இரங்கல் இவ்விடத்தில் நிற்கவும் இல்லை. ஆசை நிறைவேறிய பாட்டிக்கு இன்னோர் ஆசை பிறக்கிறது: பேரனின் மணமகளையும் காணவேண்டும். நோபிடா நிகழ்காலத்திற்கு ஓடிவந்து ஷிஸுகாவிடம் உடனே மணந்துகொள்ள இயலுமா என வினவ, கதை நகையில் முடிகிறது. தீர்க்கத் தீர்க்க வளர்வது அன்பின் கடன் என்பதை இந்நகை உணர்த்துகிறது. 2020இல் வந்த ‘ஸ்டாண்ட் பை மீ டோரேமான் 2’ என்னும் திரைப்படம் இந்த ஈற்றிலிருந்தே தன் கதையை விரித்தெடுத்தது.

யானையும் சிற்றப்பாவும்

1973இல் எழுதப்பட்ட ‘யானையும் சிற்றப்பாவும்’ என்னும் கதைக்கு இந்தியாவோடு நேர்த்தொடர்பு உண்டு. நோபிடாவின் சிற்றப்பா தம் இளமையில் விலங்குக்காட்சிச் சாலையில் விரும்பிக் கண்ட ஹனாவோ என்னும் யானை, போர்க்காலத்தில் ஆணையின்படி கொல்லப்பட்ட செய்தியைக் கூறுகிறார். சினமுற்ற நோபிடாவும் டோரேமானும் போர்க்காலத்திற்குச் செல்கின்றனர்.

இக்கதை வரலாற்றின் மீது எழுந்தது. 1943 ஆகஸ்டில் டோக்கியோ ஆளுநர் ஓதாச்சி ஷிகேயோவின் ஆணைப்படி உவெனோ விலங்குக்காட்சிச் சாலையின் விலங்குகள் கொல்லப்பட்டன. குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்து விலங்குகள் தப்பினால் தீங்கு நேரும் என்பது கூறப்பட்ட காரணம். ஜான், டோங்கி, வான்லி என்னும் மூன்று யானைகளும் பட்டினியிட்டுக் கொல்லப்பட்டன. செப்டம்பர் 4 அன்று விலங்குகளுக்கு நினைவுச் சடங்கு நடந்தபோது, அவற்றுள் இரண்டு யானைகள் இன்னும் உயிரோடிருந்தன. இறுதி யானை இறந்தது செப்டம்பர் 23 அன்று.

கதையில் நோபிடாவும் டோரேமானும், போர் விரைவில் முடிந்துவிடும், ஜப்பான் தோற்கும் என்று முகமலர்ச்சியோடு கூறுகின்றனர். கேட்டவர்கள் திகைக்கின்றனர், படையதிகாரியோ அவர்களை ஒற்றர் என ஐயுறுகிறார். எதிர்காலத்தை அறிந்த குழந்தைக்குத் தோல்வி என்பது நற்செய்தி. ஏனெனில் தோற்றால் யானை பிழைக்கும். நாட்டின் பெருமையையும் ஓர் உயிரையும் நிறுத்துப் பார்த்து உயிரின் பக்கம் தயக்கமின்றிச் சாயும் இக்காட்சியை, போர் முடிந்தபோது பன்னிரண்டு வயதுகூட நிரம்பாதிருந்த ஒருவர் வரைந்தார் என்பது நினைக்கத்தக்கது.

இருவரும் யானையைச் சிறிதாக்கி அஞ்சல் ஏவுகணையில் இந்தியாவிற்கு அனுப்புகின்றனர். நிகழ்காலத்திற்கு மீண்டதும் சிற்றப்பா கதையின் எஞ்சிய பகுதியைத் தொடர்கிறார். இந்தியக் காட்டில் வழிதவறி மயங்கிய தம்மை ஒரு யானை காத்ததாகவும், அது ஹனாவோ போலத் தோன்றியதாகவும், கனவாக இருக்கலாம் என்றும் சொல்கிறார். கனவன்று என்று சிறுவர் இருவரும் களிக்கின்றனர். இங்கும் சிற்றப்பாவின் நினைவிலிருந்த துயரம் அழிக்கப்படவில்லை. அவர் ஹனாவோவை இழந்தே வளர்ந்தார். இழப்பு உள்ளவாறே இருக்க, அதன் அடியில் ஒரு கைம்மாறு சேர்க்கப்படுகிறது. ஊர் அதுவே, வழி வேறு.

வரலாற்றிலும் ஒரு கைம்மாறு நிகழ்ந்தது. யானையற்ற டோக்கியோவின் சிறுவர்கள் விடுத்த வேண்டுகோளை ஏற்று, பிரதமர் ஜவாஹர்லால் நேரு 1949இல் இந்திரா என்னும் யானையை உவெனோவுக்கு அனுப்பினார். வரலாற்றில் யானை இந்தியாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. கதையில் ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு வருகிறது. கதையாசிரியர் இதனை எண்ணி எழுதினார் என்று கூறச் சான்றில்லை. ஆயினும் இரண்டையும் அறிந்த இந்திய வாசகர்க்கு, கதை ஒரு பழைய கொடைக்குச் செலுத்தப்பட்ட மறுகொடையாகவே தோன்றும்.

மார்ச்சும் ஏப்ரலும்

இத்தொடரில் நோபிடா வளர்வதில்லை. தொலைக்காட்சி வடிவில் அவன் என்றும் ஐந்தாம் வகுப்பினன். காலத்தில் எங்கும் செல்லவல்ல சிறுவன் அடுத்த வகுப்பிற்கு மட்டும் செல்லமாட்டாதவன் என்பது நகைமுரண். ஆனால் சித்திரக்கதையாக வந்தபோது நிலைமை வேறு. அது ஒவ்வொரு வகுப்பினர்க்கும் தனித்தனியே வெளியான இதழ்களில் வந்தது. ஆகவே நோபிடா நின்ற இடத்தில் நிற்க, வாசகர் ஆண்டுதோறும் ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்கு ஏறிச்சென்றனர்.

ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. 1974 மார்ச்சில் மூன்றாம் வகுப்பினர்க்கான இதழில் ‘போய்வா, டோரேமான்’ வந்தது. டோரேமான் எதிர்காலத்திற்குத் திரும்பவேண்டிய நிலை. அது மனக்கவலையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காக, நோபிடா துணையின்றி ஜியானோடு இரவில் மோதுகிறான்; அடிபட்டும் விடாமல் பற்றிநின்று, இறுதியில் ஜியானைச் சலித்து விலகவைக்கிறான். விடியலில் டோரேமான் இல்லை. அடுத்த மாதம், நான்காம் வகுப்பினர்க்கான ஏப்ரல் இதழில் ‘திரும்பிவந்த டோரேமான்’ வந்தது. சொல்வதெல்லாம் பொய்யாகும் மருந்தைப் பருகிய நோபிடா, டோரேமான் இனி வாராது என்று துயரோடு கூற, அது வந்துவிடுகிறது. பிரிவை ஏற்றுக்கொண்ட சொல்லே பிரிவை நீக்குகிறது.

இவ்விரு கதைகளையும் ஒரே நூலில் அடுத்தடுத்து வாசிப்பவர்க்கு இடைவெளி ஒரு பக்கம். அன்றைய குழந்தைக்கோ அது ஒரு மாதம்; ஒரு வகுப்பு. மூன்றாம் வகுப்பை முடித்த குழந்தை, துணையின்றி நிற்றல் என்னும் கடனை நோபிடாவோடு தானும் ஆற்றி, நான்காம் வகுப்பில் தோழனைத் திரும்பப் பெற்றது. கதையின் காலமும் வாசகரின் காலமும் இத்துணை நெருங்கியிருந்த நிலை, நாள்தோறும் வரிசை மாற்றி மறுஒளிபரப்பாகும் தொலைக்காட்சியில் இழக்கப்பட்டுவிட்டது. இந்தியக் குழந்தைகள் பெற்றது இவ்விழப்பிற்குப் பிந்தைய வடிவத்தையே. தொடர் வெறும் கருவிகளின் வரிசையாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சில மறுப்புகள்

இத்தொடரைப் புகழ்ந்துரைப்பதோடு நிற்றல் ஆய்வாகாது. முதலாவது, ஜைகோவை மணப்பது பேரிடராகவும் ஷிஸுகாவை மணப்பது பேறாகவும் காட்டப்படுகின்றன. அழகற்றவளாக வரையப்பட்ட ஒரு சிறுமி, பிறனொருவனின் கெட்ட எதிர்காலமாக மட்டும் பயன்படுகிறாள். பின்னைய கதைகளில் ஜைகோ சித்திரக்கதை ஆசிரியையாகும் முனைப்புடையவளாக வளர்க்கப்பட்டாள். அவளுக்கெனச் சொந்த எதிர்காலம் கிடைத்தது. ஆசிரியர் தம் கடனை ஓரளவு தீர்த்தார் எனலாம். ஷிஸுகாவுக்கோ அத்தகைய தனி எதிர்காலம் தெளிவாக அமையவில்லை.

இரண்டாவது, யானைக்கதையின் இந்தியா போர் தீண்டாத ஒரு காடு. உவெனோ யானைகள் இறந்த 1943இல் இந்தியாவும் போரின் பிடியில்தான் இருந்தது; வங்காளத்தில் பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். யானையைக் காக்கப் போர்க்காலத்திற்குச் சென்ற சிறுவர்கள், ஜப்பானியப் படையால் பிற ஆசிய நாட்டினர் பட்ட துயரை எங்கும் காணவில்லை. ஒரு சிறுவர் கதையிடம் முழு வரலாற்றை எதிர்பார்த்தல் கூடாதுதான். ஆயினும், தன் நாட்டின் தோல்வியை மகிழ்ந்து கூறும் துணிவு பெற்ற கதை, தன் நாட்டால் பிறர் பட்டதைக் கூறும் துணிவைப் பெறவில்லை என்பதைப் பதிவுசெய்தல் ஆய்வாளர் கடன்.

முடிவுரை

ஜப்பானிய மொழியில் பணக்கடனைக் குறிக்கும் சொல் ‘ஷக்கின்’. பிறரிடம் பெற்ற நன்மையால் ஒருவர் மேல் ஏறும் நன்றிக்கடனைக் குறிக்கும் சொல் ‘ஓன்’. அம்மொழியில் இவை இருவேறு சொற்கள். தமிழில் ‘கடன்’ என்னும் ஒரே சொல் இரு எல்லைகளையும் தொடுகிறது. ஆகவே இக்கட்டுரை காட்டிய இணைப்பு மூலத்தில் சொல்லளவில் இல்லை, கதையளவில் உள்ளது. அதனைக் காணத் தமிழ்ச்சொல் ஒரு கண்ணாடியாக உதவிற்று.

செவாஷி ஐம்பது யென்னுக்காக டோரேமானை அனுப்பினான். நொடித்த நிறுவனத்தின் கணக்கைச் சரிசெய்வதே பயணத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் தொடரின் சிறந்த கதைகளில் நோபிடா காலப்பொறியில் ஏறுவது கணக்கைத் தீர்க்க அன்று. பாட்டியின் முன் பள்ளிப்பையோடு நிற்பதற்கும், வளர்த்த உயிரை அதன் கடலில் விடுவதற்கும், தான் காணாத யானை ஒன்றைக் காப்பதற்கும் அவன் ஏறுகிறான். இவற்றுள் எதுவும் அவனுக்கு ஊதியம் தருவதன்று. பணக்கடனைத் தீர்க்க வந்த பொறி, தீராத கடன்களை அவனுக்கு அறிமுகப்படுத்துகிறது.

காலத்தை மாற்றும் ஆற்றல் குழந்தைக்கு வாய்த்தால் அது என்ன செய்யும் என்னும் வினாவிற்கு, தேர்வுத்தாளைத் திருத்தும் என்பது இத்தொடரின் முதல் விடை. அவ்விடையைப் பெற்றோர் அறிவர், அதற்காகவே கடிந்துகொள்கின்றனர். பாட்டியைக் காணச் செல்லும் என்பது அதன் இரண்டாம் விடை. அவ்விடையையும் குழந்தைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர். அவர்களுக்கு அருகே அமர்ந்து அதனைப் பார்ப்பது பெரியோர் கடன்.